கரையேறிய படகுகள், கண்ணயர்ந்த எந்திரங்கள்



திருப்பூருக்குக் கடல் இல்லை. நொய்யலைத் தவிரச் சொல்லிக்கொள்ளத்தக்க ஆறும் இல்லை. ஆயினும் அவ்வூரின் அடுப்பு எரிவது கடலை நம்பித்தான் என்றால் அது மிகையாகாது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்டது இவ்வட்டாரத்திலிருந்தே செல்கிறது. பெட்டி பெட்டியாகக் கட்டப்படும் அந்தப் பனியன்களில் பெரும்பகுதி கன்டெய்னர் லாரிகளில் ஏறித் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கப்பலேறுகிறது.

ரயில் நிலையத்தை அடுத்துள்ள காதர்பேட்டையை உங்களில் பலர் அறிவீர்கள். பெருநாள் நெருங்கும்போது குடும்பத்தோடு சென்று, மொத்த விலையில் சட்டையும் பனியனும் அள்ளி வந்தவர்கள் நம்மில் ஏராளம். 1925-ஆம் ஆண்டு குலாம் காதர் என்னும் பெருந்தகை ‘பேபி நிட்டிங்’ என்ற பெயரில் தொடங்கிய சிறு ஆலையே இவ்வூர்ப் பின்னலாடைத் தொழிலின் தொடக்கம் என்று வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவர். ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டது. அன்று கையால் சுற்றிய எந்திரங்கள் இன்று ஆயிரக்கணக்கில் பெருகி, இரவும் பகலும் ஓய்வின்றிச் சுழல்கின்றன.

ஓய்வின்றிச் சுழலும் எந்திரத்தைப் பற்றி எழுத எத்தனையோ பேர் உளர். ஓய்வுக்கு வந்த எந்திரத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எந்திரம் ஓடினால்தான் தேயும், நின்றால் அப்படியே இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மை வேறு. கவனமின்றி நிறுத்தப்பட்ட எந்திரம், ஓடும் எந்திரத்தைவிட விரைவில் கெடும். இதனைக் கண்ணால் கண்டு கற்றுக்கொள்ள ஒரு பயணம் உண்டு. ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறையில், கன்டெய்னர் லாரிகள் செல்லும் அதே வழியில் நீங்களும் தெற்கு நோக்கிப் புறப்படுங்கள்.

உப்பு நோக்கிச் செல்லும் சாலை

திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை வழியாகத் தூத்துக்குடி முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். தாராபுரத்தை அடையும்போது காற்றாலைகள் இருபுறமும் வரிசையாக நிற்கும். அவற்றுள் பல பின்னலாடை முதலாளிகளின் பணத்தில் எழுந்தவை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறிச் சந்தையின் மணம் வண்டிக்குள் வரும். மதுரையைக் கடந்தபின் நான்கு வழிச் சாலை. அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று கரிசல் பூமி விரியும். வெயில் ஏறும், மரங்கள் குறையும்.

தூத்துக்குடி நெருங்குகையில் நிலத்தின் நிறமே மாறிவிடும். பாத்தி பாத்தியாக வெண்மை. உப்பளங்கள்! உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு இந்தக் கரையினுடையது. திருப்பூருக்கும் உப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். உப்புதான் சாயத்தை நூலை நோக்கித் தள்ளுகிறது. ஆனால் உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். அந்த உப்பு நொய்யலை என்ன செய்தது என்பதைப் பின்னர் பார்ப்போம். இப்போது, அதே உப்பு கடலில் ஓடும் எந்திரத்தை என்ன செய்கிறது என்று பார்க்க மீன்பிடித் துறைமுகத்துக்கு வாருங்கள்.

அறுபத்தொரு நாள்கள்

நீங்கள் ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் இடையே சென்றால், விசைப்படகுகள் அனைத்தும் கரையில் நிற்கக் காண்பீர்கள். மீன்கள் சினைப்பட்டு இனம் பெருகும் காலம் என்பதால், தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை முழுவதும் அந்த 61 நாள்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் 2001-இல் இத்தடை தொடங்கியபோது 45 நாள்களாக இருந்தது. 2017 முதல் 61 நாள்களாயிற்று. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப் படகுகளுக்கு இத்தடை இல்லை.

கடலோர மக்களுக்குக் கலத்தைக் கரையேற்றி வைக்கும் வழக்கம் புதிதன்று. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகள், தென்மேற்குப் பருவக்காற்று சீறும் மாதங்களில் ஒதுங்கி நிற்பது பழைய வழக்கம். பருவகாலத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்தே ‘மான்சூன்’ என்ற சொல் பிறந்தது. அரபுக் கடலோடிகளுக்குக் காற்றின் காலமே பயணத்தின் காலம். எஞ்சிய காலம் கலத்தைப் பழுது பார்க்கும் காலம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் உள்ள உங்கள் குடும்பத்துப் பெரியவர்களைக் கேட்டால், மரக்கலங்களைப் பற்றி இன்னும் எத்தனையோ சொல்வார்கள்.

தடைக்காலத்தில் துறைமுகம் உறங்குகிறது என்று எண்ணிவிடாதீர்கள். அது ஒரு பெரும் பட்டறையாக மாறிவிடுகிறது. கிரேன் கொண்டும் வின்ச் கொண்டும் படகுகள் கரையேற்றப்படுகின்றன. அடிப்பாகத்தில் ஒட்டியிருக்கும் கொட்டலசுகளையும் பாசியையும் சுரண்டி எடுக்கிறார்கள். கொட்டலசு என்பது கல்போல் ஒட்டிக்கொள்ளும் சிறு உயிரினம். அது படர்ந்துவிட்டால் படகு நீரைக் கிழித்துச் செல்ல இயலாமல் டீசலைக் குடிக்கும். மரப் படகாயின், ‘ஓடாவி’ என்றழைக்கப்படும் படகுத் தச்சர் பலகை இடுக்குகளைச் சோதித்து, உளுத்த பலகையை மாற்றுவார். இடுக்குகளில் பருத்தித் திரியை உளியும் சுத்தியலும் கொண்டு இறுக்கி அடைப்பார்கள். இதற்குக் கலப்பத்து வேலை என்று பெயர். திருப்பூரைப் போலவே இங்கும் பருத்திக்குப் பணி இருக்கிறது! எந்திரத்தைத் துடைக்கும் மெக்கானிக்கின் கையில் உள்ள துணியைப் பாருங்கள். பெரும்பாலும் அது வெட்டியெறிந்த பனியன் துணியாக, ‘பனியன் வேஸ்ட்’டாக இருக்கும்.

எந்திரத்துக்குச் செய்யும் பணிவிடை

படகின் வயிற்றுக்குள் இருப்பது டீசல் எஞ்சின். வெளியே தொங்கும் சிறு எஞ்சின் நாட்டுப் படகுக்கு உரியது. விசைப்படகில் எஞ்சின் உள்ளேயே பொருத்தப்பட்டு, நீண்ட இரும்புத் தண்டு வழியாகப் பின்புறமுள்ள விசிறியைச் சுழற்றும். நம் பேருந்துகளை ஓட்டும் அசோக் லேலண்ட் குடும்பத்து எஞ்சின்களே தமிழகப் படகுகள் பலவற்றிலும் ஓடுகின்றன. ஒரு வேற்றுமை: பேருந்து எஞ்சினைக் குளிர்விப்பது காற்று வீசும் ரேடியேட்டர், படகு எஞ்சினைக் குளிர்விக்க உதவுவது கடல்நீர். அந்தக் கடல்நீரில்தான் உப்பு இருக்கிறது.

படகு நாள்தோறும் ஓடும்போது குழாய்களுக்குள் கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றுவிட்டால் அது தேங்கும், மெல்ல வற்றும், உப்பு படிகமாகிக் குழாயை அடைக்கும், உலோகத்தை அரிக்கும். ஆதலால் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் செய்வது, நல்ல நீரைக் குழாய்களில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவதே. பின்னர் அந்த நீரையும் வடித்துவிடுவார். கடல்நீரை உறிஞ்சும் பம்பினுள் ரப்பர் இதழ்கள் கொண்ட சக்கரம் ஒன்று உண்டு; இம்பெல்லர் என்பர். பல வாரங்கள் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் அவ்விதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடும். அதனால் அதைக் கழற்றித் தனியே வைப்பதே முறை.

அடுத்தது எண்ணெய். பலர் என்ன நினைக்கிறார்கள்? படகுதான் இரண்டு மாதம் ஓடப்போவதில்லையே, இப்போது ஏன் புது எண்ணெய், கடலுக்குப் போகும் நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று. இது தவறான சிக்கனம். ஓடிய எண்ணெயில் கரியும், நீர்த் துளிகளும், எரிபொருள் எரிந்ததனால் உண்டான அமிலமும் கலந்திருக்கும். அவை இரண்டு மாதமும் பேரிங்குகளின்மேல் படிந்து அரித்துக்கொண்டே இருக்கும். எனவே நிறுத்துவதற்கு முன்பே மாற்ற வேண்டும். எஞ்சினைச் சிறிது ஓடவிட்டுச் சூடாக்கி, சூட்டோடு பழைய எண்ணெயை வடித்தால் கசடும் சேர்ந்து வந்துவிடும். புதிய பில்டரும் புதிய எண்ணெயும் இட்டு, மீண்டும் சில நிமிடங்கள் ஓட்டினால் உள்ளுறுப்புகள் அனைத்தின்மேலும் தூய எண்ணெய்ப் படலம் போர்த்திக்கொள்ளும்.

டீசல் தொட்டியைப் பாதி காலியாக விடுவதும் ஆபத்து. காலியிடத்தில் காற்று இருக்கும். காற்றில் ஈரம் இருக்கும். இரவில் தொட்டி குளிரும்போது அந்த ஈரம் துளியாகி உட்சுவரில் வழியும். டீசலைவிட நீர் கனமானது என்பதால் அடியில் சென்று தங்கும். டீசலும் நீரும் சந்திக்கும் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கருஞ்சேறு போன்ற ஒரு பொருளை உண்டாக்கும். பில்டரை அடைப்பது அதுதான். தொட்டியை ஏறக்குறைய முழுவதும் நிரப்பி வைத்தால் ஈரத்துக்கு இடமில்லை. ஆனால் நிரம்பிய தொட்டி நிற்கும் இடத்தில் நெருப்புக்கும் இடமிருக்கக் கூடாது. 2023 நவம்பரில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் பற்றிய தீ, ஒரே இரவில் முப்பதுக்கும் மேற்பட்ட படகுகளை எரித்ததை நாம் மறக்கவியலாது. நெருக்கமாக நிறுத்திய படகுகளில் அடுப்பு மூட்டுவதும் புகைப்பதும் எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பிறகு சிறு சிறு வேலைகள். பேட்டரியின் இணைப்பைக் கழற்றி, முழுவதும் சார்ஜ் ஏற்றி, உலர்ந்த இடத்தில் வைத்தல். பெல்ட்டுகளைத் தளர்த்துதல். காற்று உள்ளே போகும் வாயையும் புகை வெளியேறும் வாயையும் மூடுதல். படகின் அடிவயிற்றில் தேங்கிய நீரை இறைத்து உலர்த்துதல். விசிறித் தண்டு வெளியேறும் துளையில் நீர் புகாமல் தடுக்கும் திரியை மாற்றுதல். படகின் அடியில் துத்தநாகக் கட்டிகள் பொருத்தியிருப்பார்கள். உப்புநீர் விசிறியையும் தண்டையும் அரிப்பதற்கு மாறாக இந்தத் துத்தநாகத்தை அரித்துத் தின்னும். பிறருக்காகத் தான் கரையும் அக்கட்டி தேய்ந்திருந்தால் புதியது பொருத்த வேண்டும். தேயாமலே இருந்தால் அதுவும் நற்செய்தியன்று. இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

இத்தனைக்கும் செலவு லட்சக் கணக்கில் ஆகிறது. வருமானம் நின்ற காலத்தில் செலவு வருகிறது என்பதே படகு உடைமையாளரின் வேதனை. கூலிக்குச் செல்லும் மீனவர் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. அது போதவில்லை என்ற குறையும் ஆண்டுதோறும் எழுகிறது. ஆயினும் இங்கு ஒரு நன்மை உண்டு. தடை வரும் நாள் முன்கூட்டியே தெரியும். முடியும் நாளும் தெரியும். ஆகவே ஓய்வுக்கு ஆயத்தம் செய்ய முடிகிறது.

பனி நாடுகளின் பாடம்

நம் பனியன்கள் சென்று சேரும் நாடுகளில் இதே வேலை வேறொரு பகைவனை எதிர்த்து நடக்கிறது. அங்கே உப்பைவிடக் கொடியது பனி. ஐரோப்பாவின் வடபகுதியிலும், கனடாவிலும், அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் இலையுதிர் காலம் முடியுமுன் மோட்டார் படகுகளைக் கரையேற்றிவிடுகிறார்கள். நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவடையும். எஞ்சினின் இரும்புப் பாளத்துக்குள் ஒரு குவளை நீர் தங்கியிருந்தாலும் போதும். ஒரே இரவில் அது விரிந்து, இரும்பைப் பிளந்துவிடும். வசந்தத்தில் எஞ்சினை இயக்கும்போதுதான் வெடிப்பு தெரியவரும். அப்போது எஞ்சினையே மாற்ற வேண்டியதுதான்.

ஆதலின் அவர்கள் எஞ்சினின் அடியிலுள்ள திருகுகளைக் கழற்றி நீர் முழுவதையும் வடிக்கிறார்கள். துளையில் துரு அடைத்திருந்தால் கம்பி விட்டுக் குத்திப் பார்க்கிறார்கள். நீர் வரவில்லை என்பதாலேயே நீர் இல்லை என்று முடிவு செய்வதில்லை. அதன்பின் உறையாத் திரவத்தை ஒரு வாளியில் ஊற்றி, நீர் உறிஞ்சும் குழாயை அதில் இட்டு எஞ்சினை ஓட்டுகிறார்கள். புகைக்குழாய் வழியே வண்ணத் திரவம் வெளிவரும்வரை ஓட்டி நிறுத்துகிறார்கள். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. எஞ்சின் சூடேறாதவரை உள்ளிருக்கும் தெர்மோஸ்டாட் திறக்காது. திரவம் எஞ்சினுக்குள் செல்லாமல் சுற்றுவழியில் வெளியேறிவிடும். வண்ணத்தைக் கண்டு மகிழ்ந்தவர் ஏமாந்துபோவார். முதலில் வடித்துவிட்டுப் பிறகு நிரப்புவது அதற்காகவே.

உறையாத் திரவத்தில் இரு வகை. புரோப்பிலின் கிளைக்கால் தீங்கு குறைந்தது. எதிலின் கிளைக்கால் நஞ்சு; அது இனிக்கவும் செய்யும். நம் ஊரிலும் கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் இது உண்டு. குழந்தைகளின் கைக்கும், வீட்டுப் பூனை ஆடுகளின் வாய்க்கும் எட்டாதவாறு அதனை வைக்க வேண்டும் என்பதைத் தாய்மார்கள் கருத்தில் கொள்க.

பனி என்றதும் அது நமக்கு அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரின் தால் ஏரி உறைந்தது. அங்கும் நீரில் மிதந்து பிழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

முன்னறிவிப்பின்றி நின்ற ஊர்

இப்போது மீண்டும் திருப்பூருக்கு வாருங்கள். அங்கே எந்திரங்கள் நின்ற நாள்கள் உண்டு. ஆனால் அவை ஆயத்தமின்றி நின்ற நாள்கள்.

சாயத் தொட்டியிலிருந்து வெளியேறிய உப்பைப் பற்றி முன்னர் சொன்னோம். அது பல ஆண்டுகளாக நொய்யலில் கலந்தது. 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் கெட்டன; நிலங்கள் உவராயின. அவர்களின் நீண்ட வழக்கின் முடிவில், சாய, சலவை ஆலைகளை மூடுமாறு 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன. விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது. அதே வேளையில், வேலை இழந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிய தொழிலாளர்களின் துயரும் மெய்யே.

மனிதர் துயரை நாடு பேசியது. பூட்டிய கதவுகளுக்குள் நின்ற எந்திரங்களைப் பற்றி எவரும் பேசவில்லை. சாய ஆலையின் பாய்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நீருடன் அது நின்றுவிட்டால், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குழாய்களின் உட்சுவரைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முறையாக ஓய்வளிக்க இரு வழிகள் உள. குறுகிய காலமாயின், ஆக்சிஜனைப் போக்கும் சோடியம் சல்பைட்டைக் கலந்த நீரால் விளிம்புவரை நிரப்பி மூடிவிடலாம். நீண்ட காலமாயின், முழுவதும் வடித்து, வெப்பத்தால் உலர்த்தி, ஈரத்தை உறிஞ்சும் சுட்ட சுண்ணாம்பையோ சிலிக்கா ஜெல்லையோ தட்டுகளில் உள்ளே வைத்து அடைக்கலாம். முழுவதும் நிரப்பு, அல்லது முழுவதும் உலர்த்து; பாதியில் விடாதே. படகின் டீசல் தொட்டி சொன்ன பாடமும் இதுவே அல்லவா?

கழிவுநீரைத் தூய்மை செய்யும் நிலையத்திலோ உயிர்களே வேலை செய்கின்றன. கழிவைத் தின்று நீரைத் தெளிவாக்கும் நுண்ணுயிர்கள் தொட்டிகளில் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. கழிவு வருவது நின்றால் அவற்றுக்கு உணவில்லை. காற்றூட்டும் எந்திரம் நின்றால் மூச்சில்லை. உப்பைப் பிரிக்கும் சவ்வுகளுக்கோ வேறு தேவை. அவை உலர்ந்துபோகவும் கூடாது. வெறும் நீரில் கிடந்து பாசி பிடிக்கவும் கூடாது. சோடியம் பைசல்பைட் கரைசலில் அவற்றை ஊறவைத்து, குறித்த கால இடைவெளியில் கரைசலை மாற்ற வேண்டும். பின்னர் கழிவுநீரை வெளியே விடாத முறை கட்டாயமாகி, ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. எந்த ஆலையில் எவரேனும் ஒருவர் நாள்தோறும் சென்று எந்திரங்களைக் கவனித்தாரோ, அந்த ஆலைக்கே மறுதொடக்கம் எளிது.

மற்றொரு நிறுத்தம் இதைவிடத் திடீரென வந்தது. கொரோனா நோயின் பொருட்டு 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவிக்கப்பட்ட ஊரடங்கு, நள்ளிரவிலேயே நடைமுறைக்கு வந்தது. இடையே இருந்தது நான்கு மணி நேரம். பின்னல் எந்திரங்களில் நூல் கோத்தபடியே இருக்க, ஆட்கள் வெளியேறினர். 30 அங்குல விட்டமும் 24 கேஜும் உள்ள ஒரு வட்டப் பின்னல் எந்திரத்தில் ஏறத்தாழ 2,260 ஊசிகள் உண்டு. ஒவ்வோர் ஊசியின் முனையிலும் மயிரிழை போன்ற ஒரு கதவு திறந்து மூடுகிறது. பஞ்சுத் தூசியும் ஈரமும் சேர்ந்து அங்கே துருப்பிடித்தால், பின்னும் துணி நெடுகிலும் கோடு விழும். ஊசி எண்ணெய் விட்டு, பஞ்சை ஊதித் துடைத்து, பாலித்தீன் போர்த்த ஒரு நாள் கிடைத்திருந்தால் போதும். அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. கடற்கரையின் 61 நாளுக்கும் திருப்பூரின் திடீர் நிறுத்தங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

திருப்பூரில் இன்னும் ஓர் எந்திரம் நின்றபடியே இருக்கிறது. 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டின்போது, சந்துக்குச் சந்து டீசல் ஜெனரேட்டர்கள் வாங்கப்பட்டன. மின்வெட்டு குறைந்தபின் அவற்றுள் பல மூலையில் நிற்கின்றன. படகின் வயிற்றிலுள்ள எஞ்சினுக்கு அவை உடன்பிறப்புகள். பழைய எண்ணெய், பாதித் தொட்டி, வற்றிய பேட்டரி என்று கிடந்துவிட்டு, வேண்டிய நாளில் ஓடவில்லையே என்று வருந்திப் பயனில்லை. மாதம் ஒருமுறையேனும் அதை ஓட்டி, சிறிது பளுவும் ஏற்றிச் சூடாகவிட்டு நிறுத்துவது நன்று.

நம் வீட்டுக் கதவைப் பூட்டுமுன்

நமக்குப் படகும் இல்லை, பாய்லரும் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். நம் இல்லங்களில் வளைகுடா நாட்டுக்கும் மலேசியாவுக்கும் செல்வோர் உண்டு. ஹஜ்ஜுக்காக நாற்பது நாள் வீட்டைப் பூட்டிச் செல்வோர் உண்டு. பூட்டிய வீட்டிலும் எந்திரங்கள் காத்திருக்கின்றன.

குளிர்சாதனப் பெட்டியை நிறுத்துவதாயின் பனியை உருக்கி, உள்ளே நன்கு துடைத்து, கதவைச் சிறிது திறந்து வையுங்கள். மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துவைக்கும் எந்திரத்தின் குழாயில் தங்கிய நீரை வடித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வடிநீர் ஊற்றி, முழுவதும் சார்ஜ் ஏற்றிய பின்னரே இணைப்பை எடுங்கள். மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் தொட்டியை நிரப்பி, நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரியின் கம்பியைக் கழற்றுங்கள். தையல் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டு, அழுத்தும் பாதத்தின்கீழ் ஒரு துண்டுத் துணியை வைத்தால், கசியும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் ஓட்டுமாறு நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். சமையல் எரிவாயுவின் ரெகுலேட்டரை மூடுவதைச் சொல்லவும் வேண்டுமோ!

இவை எல்லாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. பனி நாடுகளில் படகை ஓய்வுக்கு அனுப்பும் மெக்கானிக், கடைசியாக ஓர் அட்டையில் சில வரிகள் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுவார்: எந்தத் திருகு கழற்றப்பட்டிருக்கிறது, எந்த வாய் அடைக்கப்பட்டிருக்கிறது, எந்த நாளில் எண்ணெய் மாற்றப்பட்டது என்று. மீண்டும் அதை இயக்கப் போகிறவர் தாமாக இல்லாமல் போகலாம் என்பதை அவர் அறிவார். புகைவாயை அடைத்த துணியை எடுக்காமல் எஞ்சினை ஓட்டிவிட்டால், செய்த பணிவிடை அனைத்தும் வீண்.

ஆகவே, வீட்டைப் பூட்டும் நாளில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதுங்கள். தேதியிடுங்கள். ஒரு படியை மெயின் சுவிட்சுக்கு அருகே ஒட்டுங்கள். மற்றொரு படியைச் சாவியோடு சேர்த்து, சாவி பெறுபவர் கையில் கொடுங்கள்.